கடப்பாரையும் கட்டுச்சோறும்

திருப்பூருக்கு வந்த புதிதில் இந்த ஊர்ப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கைக்குழந்தையைக்கூட வாங்க, போங்க என்று கூப்பிடுகிற ஜனங்கள். எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பாசமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். இங்கே சண்டை போடுவதே பாசமாகப் பேசுகிற மாதிரி இருக்கும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதனின் மண்டையைக் கடப்பாரையால் உடைப்பதற்கு முன்னால், நடுவில் நின்றவரிடம் "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

நானும் என் புருஷன் காசிமாயனும் மண்ணரைப் பக்கம் குடியிருக்கிறோம். இரண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவன் டெய்லர், நான் செக்கிங். காசிமாயன் ஆறடி உயரம். மூஞ்சியில் பாதி மீசை. அந்த மீசையைப் பார்த்து ஏமாறாதவர் இல்லை. அதற்குப் பின்னால் இருப்பது, கோழிக்கடையில் கோழியை அறுக்கும்போது ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிற ஆள்.

ஊரில் அவன் மேல் ஒரு கேஸ் இருக்கிறது. பொங்கல் திருவிழாவில் அவன் சித்தப்பா மகன் எவனோ ஒருத்தனை வெட்டிவிட்டான். பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு கரகாட்டம் பார்த்த இவன் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். மீசையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். தீர்ப்பு வரப்போகிற நேரம். "இன்னொரு அடிதடிப் புகார் வந்துச்சுன்னா ஜாமீன் போயிரும், தீர்ப்பும் கெட்டுரும், அப்புறம் உள்ளேதான்" என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதனால் எங்கள் மகள் நதியாவின் தலையில் அவன் கையை வைத்து நான் சத்தியம் வாங்கினேன். எவன் அடித்தாலும் திருப்பி அடிக்க மாட்டேன் என்று சொல்லவைத்தேன். சொன்னான். பிள்ளை இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

எங்கள் முதலாளி ஈஸ்வரமூர்த்திக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். கம்பெனி எவ்வளவு பெரிதானாலும் அவர் உயிர் அந்தத் தென்னந்தோப்பில்தான். உடுமலைக்குத் தெற்கே மலையைச் சுற்றி வருகிற தண்ணீர், அணையில் சேர்ந்து, பெரிய வாய்க்காலில் இறங்கி, எத்தனையோ ஊர் தாண்டிக் கடைசியாக அவர் தோட்டத்துக்கு வர வேண்டும். கடைமடை. வழியில் இருக்கிறவன் எல்லாம் குடித்த மிச்சம்தான் கடைமடைக்கு. இந்த வருஷம் மிச்சமும் இல்லை. தோப்பில் மரம் மரமாகக் கொண்டை காய்ந்து விழுந்தது. அந்தக் கோபத்தையெல்லாம் கம்பெனியில் யார் மேலும் அவர் காட்டியதில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு பெரிய ஆர்டர் கப்பலேறிய வாரம் அவரே தையல் லைனுக்கு வந்தார். "ஞாயித்துக்கெழம எல்லாரும் மலைக்கு வாங்க. ராசா காலத்து வாய்க்கால் ஒண்ணு இருக்குது. கரை மேலயே சும்மா காலாற நடந்துட்டு வரலாமுங்க."

எல்லாரும் என்றாரே தவிர, அவருடைய அக்கா மகன் தரணி வந்து ஆள் பொறுக்கினான். அவன்தான் புரொடக்‌ஷன் பார்க்கிறவன். பொறுக்கியது எல்லாம் தெற்கத்தி ஆட்கள், அதிலும் தோள் அகன்றவர்கள். மெலிந்த ஒடிசாப் பையன்கள் ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்களில் ஒருத்தியைக்கூடக் கூப்பிடவில்லை. மூன்று வருஷமாகக் காசிமாயனிடம் "உங்கூர்ல அருவாள தலகாணிக்கடியில வெச்சுத்தான் தூங்குவீங்களாமா?" என்று கேட்டுச் சிரிக்கிறவன் இந்தத் தரணி. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் அக்காவிடம் நதியாவை விட்டுவிட்டு, புளிச்சாதத்தைக் கட்டிக்கொண்டு நானும் போய் வேனில் ஏறினேன்.

"அம்மிணி எதுக்குங்க? காடு மேடெல்லாம் நடக்கோணும்" என்றான் தரணி.

"நடக்கத்தான கூப்பிட்டீக? எனக்கும் காலு இருக்கு."

சீட்டுக்கு அடியில் காலை நீட்டினேன். இரும்பு இடித்தது. குனிந்து பார்த்தால் சாக்குக்குள் கடப்பாரைகள், மண்வெட்டிகள்.

"நடக்கிறதுக்குக் கடப்பாரை எதுக்குண்ணே?"

"வழில கல்லுகில்லு கெடந்தா நகத்தறதுக்குங்க."

காசிமாயன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பிள்ளை மாதிரி வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கு வெளுத்ததெல்லாம் பால்தான்.

உண்மையைச் சொன்னால், அந்த வாய்க்காலைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் மறந்துவிட்டது. மலை இடுப்பில் கல்லைக் கொத்தி வெட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் மனிதன் நடக்கிற அகலத்துக்குக் கரை, கரைக்குக் கீழே சரிந்து போகிற தோப்புகள். உள்ளே தண்ணீர் சத்தமே இல்லாமல், ஆனால் படு வேகமாகப் போனது. ஒரு இலையைப் போட்டேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் காணோம். திருப்பூரில் ஆற்றைச் சிவப்பாகவும் நீலமாகவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அடியில் கல் தெரிகிற தண்ணீர் அதிசயமாக இருந்தது. முகம் கழுவினேன். காசிமாயன் ஒரு நீளவால் குருவியைக் காட்டி, "அங்கிட்டுப் பாரு புள்ள, நதியாளக் கூட்டியாந்திருக்கணும்" என்றான். நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வாய் புளிச்சாதம் சாப்பிட்டோம். முதலாளியும் வாங்கிச் சாப்பிட்டு, நல்லா இருக்குதுங்க அம்மிணி என்றார். மிச்சத்தைத் திரும்பும்போது சாப்பிடலாம் என்று கட்டி வைத்தேன்.

தரணி மட்டும் உட்காரவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் போய், கரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தான். ஒரு வளைவில் சத்தம் மாறியது. லாண்டனாப் புதரை விலக்கினான். தொடை தண்டிக்கு ஒரு கறுப்புப் பைப். ராசா காலத்துக் கல்லைத் துளைத்து அதற்குள் சொருகியிருந்தார்கள். மறுமுனை மண்ணுக்கடியில் புதைந்து கீழே இருந்த தோப்புக்குள் இறங்கியது. அந்தத் தோப்பில் ஒவ்வொரு மரமும் பச்சைப்பசேலென்று, குலை தள்ளிக்கொண்டு நின்றது.

ஈஸ்வரமூர்த்தி அந்தப் பைப் மேல் கையை வைத்தார். உள்ளே தண்ணீர் ஓடுகிற அதிர்வு அவர் கையில் தெரிந்திருக்கும். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். "என்ற மரத்தோட ரத்தமுங்க இது" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டுத் தரணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

தரணி ஓங்கிக் குத்தினான். பைப் வெடித்துத் தண்ணீர் ஆள் உயரத்துக்கு அடித்தது. வேனில் இருந்த சாக்கைக் கரை வரை தூக்கி வந்த காரணம் அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. அடுத்த கடப்பாரையைக் காசிமாயன் பக்கம் நீட்டினான். காசிமாயன் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டான்.

"நான் மாட்டேண்ணே. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"நீங்க அடிக்கவே வேண்டாமுங்க" என்றார் முதலாளி. "மீசையோட முன்னால நில்லுங்க, போதும்."

சத்தம் கேட்டுக் கீழேயிருந்து தோப்புக்காரர்கள் ஓடி வந்தார்கள். கையில் மண்வெட்டிக் காம்பும் தென்னை மட்டையும் இருந்தன. முன்னால் வந்த பெரியவர் அர்த்தநாரி. தோப்பு அவருடையது. ஈஸ்வரமூர்த்திக்குத் தூரத்து உறவும்கூட.

"வாங்க மாப்ள" என்றார் அர்த்தநாரி, மூச்சு வாங்க. "சொல்லியிருந்தா எளநி போட்டு வெச்சிருப்பனே."

"இருக்கட்டுங்க மாமா. எங்க தோட்டத்துத் தண்ணியத்தான் தெனமும் குடிக்கறீங்களே."

"வார்த்தைய அளந்து பேசுங்க மாப்ள."

"அளந்துதானுங்க மாமா எடுக்கோணும். நீங்கதான் அளக்காம எடுக்கறீங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மட்டை சுழன்று வந்து எங்கள் ஆள் ஒருத்தன் வாயில் விழுந்தது. பல் தெறித்ததைப் பார்த்தேன். அவ்வளவுதான், யார் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கரை அகலம் ஒரு ஆள் நடக்கத்தான் பற்றும். அதில் அத்தனை பேரும் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் ஒருத்தனுடைய காதைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மண்வெட்டிக் காம்பு முழங்காலில் பட்டு ஒருத்தன் சுருண்டான். சுருண்டவன் முதுகில் மூன்று பேர் மிதித்தார்கள். "உடுங்க, உடுங்கன்னா" என்று ஒருத்தர் கெஞ்சுகிறார். "எப்படிங்க உடறது?" என்று கேட்டுக்கொண்டே இன்னொருத்தர் குத்துகிறார். அரிவாளோடு பிறந்தவர்கள் என்று நம்பிக் கூட்டி வந்த எங்கள் தெற்கத்தி வீரர்களில் முக்கால்வாசிப் பேர், ரத்தத்தைப் பார்த்ததும் வந்த வழியே ஓட்டம் பிடித்தார்கள். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது.

காசிமாயன் ஓடவில்லை. ஓட முடியாது, எனக்குப் பின்னால் கரையோரப் பாறை ஒன்று. என்னை மறைத்துக்கொண்டு நின்றான். மீசையைப் பார்த்த தோப்புக்காரர்கள் இவன்தான் தலைவன் என்று நினைத்து இவன் மேல்தான் அதிகம் பாய்ந்தார்கள். தோளில் விழுந்தது. விலாவில் விழுந்தது. மட்டையின் முனை கன்னத்தைக் கிழித்தது. கக்கத்துக்குள் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை. ஒவ்வொரு அடிக்கும் "நதியா, நதியா" என்று முணுமுணுத்தான். அவன் முதுகு என் நெஞ்சில் மோதி மோதி அதிர்ந்தது. அந்தக் கையைக் கட்டிப்போட்டவள் நான்தானே. 'அடிச்சுத் தொலையேன்யா' என்று கத்த வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பாழாய்ப்போன வக்கீல் பேச்சுதான் காதில் கேட்டது.

அப்போதுதான் தரணி, நடுவில் நின்று விலக்கிக்கொண்டிருந்த தோப்புக்காரர் ஒருவரின் தோளைத் தொட்டு, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றான். அவரும் மரியாதைக்குப் பழகியவர், தள்ளிக்கொண்டார். தரணி கடப்பாரையைக் குறுக்காக வீசினான். அர்த்தநாரியின் தலையில் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. அவர் ஒரு கணம் நின்றார். பிறகு அப்படியே மல்லாந்து வாய்க்காலுக்குள் விழுந்தார்.

தண்ணீர் சிவந்து ஓடியது. இரண்டு பக்க ஆட்களும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு "அய்யோ மாமா, அய்யோ மாமா" என்று கரையில் ஓடினார்கள். ஒருத்தர்கூட இறங்கவில்லை. இறங்கினால் ஏற முடியாது, கரை வழுக்கும், அது அவர்களுக்குத் தெரியும். காசிமாயனுக்கு அது தெரியாது. அவன் குதித்துவிட்டான். கக்கத்திலிருந்து கையை அப்போதுதான் எடுத்தான்.

பெரியவரின் வேட்டியைப் பிடித்து, அது அவிழ்ந்துபோய், பிறகு தலைமுடியைப் பிடித்தான். இரண்டு பேரும் உருண்டுகொண்டே போனார்கள். நான் கரையில் ஓடினேன். ஒரு மதகுக் கல்லில் அவன் கால் மாட்டி நின்றது. குப்புறப் படுத்து என் துப்பட்டாவை விட்டேன். பனியன் துணியில் தைத்தது, இழுக்க இழுக்க நீண்டுகொண்டே போனது, சனியன். அப்புறம் ஓடி வந்த இரண்டு பேர் என் காலைப் பிடித்துக்கொள்ள, எப்படியோ மேலே இழுத்துப் போட்டோம். காசிமாயன் சட்டையைக் கழற்றிப் பெரியவர் தலையில் வைத்து அழுத்தி, அவரை மடியில் போட்டுக்கொண்டான். அவன் பனியனும் கையும் மீசையும் ரத்தத்தில் நனைந்தன. "பயப்படாதீக அப்பு, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று பிள்ளைக்குச் சொல்வது போல் சொன்னான். பெரியவர் கண்ணைத் திறந்தார். என் உயிரும் திரும்ப வந்தது.

கீழே யாரோ போன் போட்டிருந்தார்கள். போலீசும் ஆம்புலன்சும் வருகிறது என்றார்கள். ஈஸ்வரமூர்த்தி பெரியவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவர் கையைத் தடவினார்.

"தரணிக்கு நிச்சயம் ஆயிருச்சுங்க மாமா. இப்பப் போயி கேசு கீசுன்னா..."

பெரியவர் உடைந்த பைப் இருந்த பக்கம் கண்ணை ஓட்டினார். பிறகு மெதுவாக, "என்ற பைப்பு" என்றார்.

"எந்தப் பைப்புங்க மாமா? நான் ஒண்ணும் பாக்கலையே."

"தண்ணி?"

"நமக்குள்ள மொறை வெச்சுக்கலாமுங்க. நாமென்ன அசலா?"

பெரியவர் தலையசைத்தார். இவ்வளவு நேரம் ஒருத்தரை ஒருத்தர் கடித்தவர்கள் சேர்ந்து நின்று, பைப் வாயைச் சாக்கால் அடைத்து, தழையை ஒடித்து, உடைந்த பைப்பையும் கடப்பாரையையும் மூடினார்கள். தண்ணீர் திருட்டு வெளியே தெரிந்தால் பெரியவருக்கு வம்பு, மண்டை உடைந்தது தெரிந்தால் முதலாளிக்கு வம்பு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நல்லதாகப் போயிற்று, கேசே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன்.

எஸ்.ஐ. மேலேறி வந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். ஸ்டிரெச்சரில் படுத்திருந்த அர்த்தநாரியிடம் குனிந்து, "யார் அடிச்சது பெரியவரே?" என்று கேட்டார்.

பெரியவர் விரலைத் தூக்கினார். அது தரணியைத் தாண்டியது. ஈஸ்வரமூர்த்தியைத் தாண்டியது. காசிமாயனிடம் வந்து நின்றது.

"அந்த மீசைக்காரத் தம்பிதானுங்க. சுத்திப் பாக்க வந்த எடத்துல குடிச்சுப்போட்டு ஏதோ தகராறு... பாவமுங்க, ரொம்ப அடிச்சுப்போடாதீங்க."

"தண்ணிக்குள்ள இருந்து ஒன்னயத் தூக்குன ஆளுய்யா அது!" என்று கத்தினேன். பெரியவர் மயக்கமாக வருகிறது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். கரையில் நின்ற இரண்டு பக்கத்து ஆட்களும், ஆமாங்க, அவருதானுங்க என்றார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே, அந்தப் பழி எங்கள் வீட்டு வாசல்தான் தேடி வரும் போல. அவர்கள் நாளைக்கும் அதே தண்ணீரைக் குடிக்க வேண்டும், ஒருத்தர் கல்யாணத்துக்கு ஒருத்தர் போக வேண்டும். நாங்கள் யார்?

"உன் மேல ஏற்கெனவே கேஸ் ஏதும் இருக்கா?" என்று எஸ்.ஐ. காசிமாயனைக் கேட்டார்.

"இருக்குங்கய்யா" என்றான் அந்த மடையன். பொய் சொல்ல வராது. ரத்தத்தில் நனைந்த பனியனோடு கையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய், கீழே தோப்பு வழியில் நின்ற ஜீப்பில் ஏறினான்.

நான் ஓடிப்போய்த் தழைகளைப் பிய்த்து எறிந்து பைப்பைக் காட்டினேன். "இதாங்கய்யா சண்டைக்குக் காரணம். கடப்பாரையப் பாருங்க."

"அது தண்ணிக்காரங்க டிபார்ட்மெண்ட்மா. நீ அதத் தொடாத, தள்ளு" என்றார் அவர்.

ஈஸ்வரமூர்த்தி என் பக்கத்தில் வந்தார். "கலங்காதீங்க அம்மிணி. வக்கீல நான் வெக்கறேன். வேன்ல ஏறுங்க, ஊட்டுல உட்டர்றோம்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தரணி அவருக்குப் பின்னால் நின்று துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வேனில் ஏறினால் நான் வெறும் பெண்டாட்டி. புருஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்பார்கள். கேஸில் பெயர் இருக்கிறவர்களைத்தான் ஜட்ஜ் முன்னால் நிறுத்தி, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார்கள். காசிமாயனோடு கோர்ட்டுக்கு நடந்து நடந்து எனக்கு அது தெரியும். இப்படியெல்லாம் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதிப் பாதி வெறும் ஆத்திரம்.

தழைக்குள் கிடந்த கடப்பாரையை எடுத்தேன். பண்டல் தூக்கிப் பழகிய கை, கனமாகத் தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றேன் முதலாளியிடம். அவரும் தள்ளிக்கொண்டார்.

தரணியின் வலது முழங்கையில் இறங்கியது. எலும்பு உடைந்ததை நான் கடப்பாரை வழியாகவே உணர்ந்தேன். அவன் போட்ட கூச்சலில் மலைக் குருவியெல்லாம் பறந்தது. "அடி நாயே!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. எஸ்.ஐ. என் முடியைப் பிடித்து இழுத்தார்.

"இதுக்கு நீங்கதான்யா சாட்சி. எழுதிக்கங்க" என்றேன். "எதுக்கு அடிச்சேன்னு ஜட்ஜ் அய்யாகிட்ட நானே சொல்லிக்கிறேன். பைப்பையும் சொல்லுவேன்."

கீழே கொண்டுபோய் ஜீப்பில் தள்ளினார்கள். காசிமாயன் நகர்ந்து இடம் விட்டான். கிழிந்த கன்னத்தோடு என்னையே பார்த்தான்.

"எங்கிட்டச் சத்தியம் வாங்கிப்புட்டு நீ என்னடி இப்பிடிப் பண்ணிட்ட?"

"நீதான்யா பண்ணிக் குடுத்த. நான் யாருக்கும் பண்ணலையே."

ஜீப் தோப்பு வழியாகக் கீழே இறங்கியது. புளிச்சாதத்து மிச்சம் மேலே கரையில், நிழலில் அப்படியே கிடந்தது.

"புள்ளைய யாரு பாப்பா?" என்றான்.

அதுவரை அதை நான் நினைக்கவே இல்லை. பாண்டியம்மாள் அக்காவிடம் சாயங்காலம் வந்துவிடுவேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருந்தேன். காசிமாயன் என் கையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அந்தக் கரையில் அத்தனை அடி வாங்கியும் யாரையும் அடிக்காத கை அவனுடையது ஒன்றுதான்.